"வொர்த் இல்ல தம்பி": ஒரு பழைய பிஎஸ்2-வும் நாலு அறிவுரைகளும்

இந்தக் கட்டுரையில கோடிங் கிடையாது, பிளேஸ்மென்ட் டிப்ஸ் கிடையாது. ஒரு பழைய கேம் கன்சோலோட டிஸ்க் டிரைவைப் பிரிச்ச கதை மட்டும்தான். ஆனா ஈசிஈ, ட்ரிபிள்ஈ, மெக் மூணு பேருக்கும் இதுல ஏதோ ஒண்ணு இருக்கு. பொறுமையா வாங்க.

பழைய எலக்ட்ரானிக்ஸ் பொருள் ஒண்ணை எடுத்து மேசை மேல வெச்சு, "இதைப் பிரிச்சுச் சரி பண்ணப் போறேன்"னு சொல்லிப் பாருங்க. சுத்தி இருக்கறவங்க ஆளுக்கு ஒரு விதமா ஒரே பதிலைத்தான் சொல்வாங்க. எனக்குக் கிடைச்ச பதில்கள் இவை:

ரிப்பேர் கடைக்காரர்: "லென்ஸ் போயிருச்சு தம்பி. வொர்த் இல்ல. எடைக்குப் போட்டுரு."

ஹாஸ்டல் நண்பன்: "லேப்டாப்ல எமுலேட்டர் போடு மச்சி. எதுக்கு இவ்ளோ வேலை?"

சீனியர் அண்ணன்: "என்ன வேணா பண்ணு. லேசர் பிரீசெட்டை மட்டும் திருப்பாத. எரிஞ்சு போயிரும்."

அம்மா: "எக்ஸாம் இருக்குடா."

இதுல யாரும் என்னைக் கெடுக்கணும்னு சொல்லல. அம்மா சொன்னதுக்கு எதிர்வாதமே கிடையாது, அதனால வேலையை செமஸ்டர் லீவுக்குத் தள்ளி வெச்சேன். மத்த மூணையும் பத்தித்தான் இந்தக் கட்டுரை. மூணுமே பாதி உண்மை. எந்தப் பாதி உண்மைன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலையே.

மெஷின் யாரோடது?

எங்க ஊர் காரைக்குடி. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல சின்னதா ஒரு கேம் கடை நடத்தினார். ரெண்டு டிவி, ரெண்டு பிஎஸ்2, ஒரு ஃபேன், நாலு பிளாஸ்டிக் சேர். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். துபாய்ல இருந்து லீவுக்கு வந்த ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெரிய கறுப்பு மாடல் ஒண்ணு; பின்னாடி வந்த ஒல்லி மாடல் ஒண்ணு. எல்லார் கைக்கும் ஆண்ட்ராய்டு போன் வந்தப்புறம் கடைக்கு வேலை இல்லாமப் போச்சு. அண்ணன் கடையை மூடிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். ஒல்லி மாடலை வித்தாச்சு. பெரிய மாடலைத் துணியில சுத்தி, டிஸ்க்குகளோட எங்க வீட்டுப் பரண்ல வெச்சுட்டுப் போனார்.

அந்த மெஷின்ல ஒரு மெமரி கார்டு செருகியே இருந்தது. 8 எம்.பி. இன்னைக்கு ஒரு போட்டோவுக்குக்கூடப் பத்தாத இடம். ஆனா அதுக்குள்ள எங்க தெருவே இருக்கு. 2003-ல வந்த "ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெயின்" விளையாடினவங்களுக்குத் தெரியும், அதுல நாமளே ஒரு ரெஸ்லரை உருவாக்கலாம். அண்ணன் கடைக்கு ரெகுலரா வர்ற ஒவ்வொரு பையனையும் ஒரு ரெஸ்லரா செஞ்சு வெச்சிருந்தார். பால்காரர் மகனுக்குப் பச்சை முடி. டெய்லர் கடைப் பையனுக்கு கோட்டு சூட்டு. மூணாங்கிளாஸ் படிச்ச நான் ஏழடி உயரம். அந்தப் பசங்கள்ல இப்போ ஒருத்தர் திருப்பூர், ஒருத்தர் ஷார்ஜா, ஒருத்தர் எங்க இருக்கார்னே தெரியல. மறுபடி எல்லாரும் ஒரே இடத்துல கூடற வாய்ப்பு அந்த கார்டுல மட்டும்தான் இருக்கு.

அண்ணன் 20 நாள் லீவுல வர்றதா போன் பண்ணினார். "அந்தப் பெட்டி ஓடுதாடா?"ன்னு கேட்டார். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பவர் வந்தது. லோகோ வந்தது. டிஸ்க் போட்டதும் கிர்ர்... கிர்ர்னு ஒரு சத்தம், அப்புறம் சிவப்புத் திரை: ப்ளேஸ்டேஷன் டிஸ்க் போடவும். போட்டிருக்கறதே அதுதானப்பா!

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. ஈசிஈ மூணாவது வருஷம். லேப்ல எல்லாமே கிட். வயரைச் செருகு, ரீடிங் எடு, ரெக்கார்டு எழுது. கெட்டுப்போன ஒரு பொருளை என் முன்னாடி யாரும் வெச்சது இல்ல. படிச்சது வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல சான்ஸ் எப்ப வரும்?

டிஸ்க்கை எப்படிப் படிக்குது?

கடைக்காரர் "லென்ஸ் போயிருச்சு"ன்னு சொன்னதை முதல்ல எடுத்துப்போம். அவர் டிஸ்க்கைப் போட்டார், சிவப்புத் திரையைப் பார்த்தார், சொல்லிட்டார். சரியாவும் இருக்கலாம். ஆனா அது ஒரு அனுமானம்தான். டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும்.

சிடி, டிவிடி ரெண்டுலயும் தகவல் இருக்கறது ஒரே நீளமான சுருள் பாதையில. உள்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் போகும். சிடியில ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். டிவிடியில 0.74. தலைமுடி ஒண்ணு 70 மைக்ரோமீட்டர் தடிமன்னு வெச்சுக்கிட்டா, அந்த அகலத்துக்குள்ள டிவிடியோட 90-க்கும் மேல சுற்றுகள் அடங்கிடும். அவ்வளவு பொடிப் பாதை மேல லேசர் புள்ளி வழுக்காம ஓடணும், அதுவும் டிஸ்க் ஆடிக்கிட்டே சுத்தும்போது. அதுக்காக அந்தக் குட்டி லென்ஸை ஒரு காயிலோட சேர்த்துத் தொங்கவிட்டிருக்காங்க. ஸ்பீக்கர் கோன் முன்ன பின்ன அசையற அதே தத்துவம். ஒரு அசைவு ஃபோகஸுக்கு, இன்னொண்ணு பாதையைப் பிடிக்க. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல போர்டுல வரைஞ்ச அந்த ஃபீட்பேக் லூப் இதுதான். இதை முதல்லயே ஒரு டிரைவைத் திறந்து காட்டிச் சொல்லியிருந்தா அந்தப் பேப்பர் எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்!

பிஎஸ்2-ல ரெண்டு அலைநீளம் வேணும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. கேம்லயும் ரெண்டு வகை: அடிப்பக்கம் நீலமா இருந்தா சிடி, வெள்ளியா இருந்தா டிவிடி. டிவிடியிலயே ஒரு அடுக்கு, ரெண்டு அடுக்குன்னு பிரிவு உண்டு. "காட் ஆஃப் வார் 2" ரெண்டு அடுக்கு.

இப்போ முக்கியமான மூணு நம்பர். தன் மேல விழற ஒளியில சிடி சுமார் 70 சதவீதம் திருப்பி அனுப்பும். ஒரு அடுக்கு டிவிடி 45-ல இருந்து 85 சதவீதம். ரெண்டு அடுக்கு டிவிடி வெறும் 18-ல இருந்து 30 சதவீதம்தான். அதாவது லேசர் சோர்ந்து போனாலும் சரி, லென்ஸ்ல தூசி படிஞ்சாலும் சரி, முதல்ல அடிவாங்கறது ரெண்டு அடுக்கு டிஸ்க். அடுத்து ஒரு அடுக்கு டிவிடி. கடைசியா சிடி.

இது புரிஞ்சதும் திறக்காமலே பாதி டயக்னோசிஸ் பண்ணலாம்னு தோணிச்சு. நாலு டிஸ்க் எடுத்தேன்: ஒரு பாட்டு சிடி, ஒரு நீல அடி கேம், ரெஸ்லிங் டிஸ்க், காட் ஆஃப் வார் 2. ஒவ்வொண்ணையும் பத்து தடவை போட்டேன். பாட்டு சிடி 10-க்கு 10. நீல டிஸ்க் 10-க்கு 10. ரெஸ்லிங் 10-க்கு 2. காட் ஆஃப் வார் 10-க்கு 0. டிஸ்க் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்லயும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாப் படிச்சது.

நீல டிஸ்க் ஓடுதுன்னா மோட்டார் நல்லா இருக்கு, பவர் சப்ளை நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு, ரிப்பன் கேபிள் நல்லா இருக்கு. ஒண்ணு லென்ஸ் அழுக்கு, இல்லன்னா டிவிடி லேசர் சோர்ந்து போச்சு, இல்லன்னா லென்ஸ் நகர்ற ரெயில் இறுகிப் போச்சு. "லென்ஸ் போயிருச்சு"ங்கற ஒரு வாக்கியம் இப்போ மூணு தனித்தனிக் கேள்வியா மாறிடுச்சு.

திறந்ததும்

செய்யப் போறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு: பெரிய மாடல் பிஎஸ்2-ல பவர் சப்ளை உள்ளேயே இருக்கு. 230 வோல்ட் நேரா பெட்டிக்குள்ள வருது. பிளக்கைப் பிடுங்கிட்டு, கெப்பாசிட்டர் இறங்க நேரம் கொடுத்துட்டு அப்புறம் தொடுங்க. ரெண்டு: மூடியைத் திறந்து வெச்சு ஓட்டும்போது லென்ஸுக்கு நேரா குனிஞ்சு பார்க்காதீங்க. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனாலயே ஆபத்து அதிகம்.

அடியில இருக்கற ரப்பர் மூடிகளை எடுத்தா ஸ்க்ரூ தெரியும். திறந்ததும் முதல்ல பார்த்தது எங்க ஊர் மண். ஃபேன் இழுத்த செம்மண் தூசி எல்லா இடத்துலயும் மெல்லிசா ஒரு படலம். லென்ஸ் மேலயும். துருப்பிடிக்கறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ண 1953-ல இருந்து சிக்ரி இருக்கற ஊர்ல, தூசியைப் பத்தி ஆராயவும் ஒரு நிறுவனம் தொடங்கலாம்!

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காட்டன் பட்ஸ்ல ஒரு சொட்டு தொட்டு, லென்ஸை அழுத்தாம நடுவுல இருந்து வெளிப்பக்கமா துடைச்சேன். மறுபடி பத்து தடவை டெஸ்ட். ரெஸ்லிங் 10-க்கு 5. காட் ஆஃப் வார் இன்னும் 0.

அடுத்து ரெயில். லென்ஸ் வண்டி ஓடற அந்த மெல்லிசுக் கம்பியில கிரீஸ் காய்ஞ்சு பிசின் மாதிரி ஆகியிருந்தது. விரலால நகர்த்தினா வெளிப்பக்கம் போகப் போக முக்கிச்சு. மேட்ச் தொடங்கி, என்ட்ரன்ஸ் வீடியோ வர்ற இடத்துல மெஷின் நின்னு போனதுக்குக் காரணம் இதுவா இருக்கலாம்னு தோணிச்சு: டிஸ்க்கோட தொடக்கத்தைப் படிக்குது, தூரமா இருக்கற இடத்துக்குப் போக முடியல. பழைய கிரீஸைத் துடைச்சு, புது வெள்ளை கிரீஸ் ஒரு அரிசி அளவு. ரெஸ்லிங் 10-க்கு 7. கிர்ர் சத்தம் போயே போச்சு.

இது டிஸ்க் டிரைவோட பழைய கதைதான். முதல் ப்ளேஸ்டேஷனோட ஆரம்ப மாடல்கள்ல லென்ஸ் வண்டி பிளாஸ்டிக். தேய்ஞ்சு ஒரு பக்கம் சாஞ்சுடும், வீடியோ விட்டு விட்டு ஓடும். அப்போ பசங்க கன்சோலையே தலைகீழாக் கவுத்து வெச்சு விளையாடினாங்க. புவியீர்ப்பு லென்ஸை மறுபக்கம் தள்ளி விட்டுச்சு, வேலை செஞ்சது! வொர்த் இல்லன்னு தூக்கிப் போடாத ஏதோ ஒரு பையன்தான் அதைக் கண்டுபிடிச்சிருக்கணும்.

பிரீசெட்: சீனியர் சொன்னது

இப்போ 10-க்கு 7-ல நிக்குது. அழுக்கு, ரெயில் ரெண்டும் முடிஞ்சது. பாக்கி இருக்கறது லேசர். லென்ஸ் யூனிட் ஓரத்துல கடுகு மாதிரி ரெண்டு பிரீசெட் இருக்கும். ஒண்ணு சிடி லேசருக்கு, ஒண்ணு டிவிடி லேசருக்கு. ரெசிஸ்டன்ஸைக் குறைச்சா லேசருக்குப் போற கரன்ட் கூடும், ஒளி கூடும்.

சீனியர் ஏன் வேண்டாம்னு சொன்னார்னு அவர்கிட்டயே போய்க் கேட்டேன். அவர் சொன்ன காரணம் சரியானது. லேசர் டையோடுக்குக் கரன்ட் கூடக் கூட சூடு கூடும், ஆயுசு குறையும். ஒரு எல்லைக்கு மேல போனா டையோடு அங்கேயே செத்துடும். கிழட்டு மாட்டைச் சாட்டையால அடிச்சு ஓட்டற மாதிரி. ஓடும், ஆனா எத்தனை நாள்? அவர் பார்த்த ஒரு கேஸ்ல ஒருத்தர் ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் கண்ணை மூடிட்டுக் கால் சுத்து திருப்பியிருக்கார். டிவிடியும் போச்சு, அதுவரை ஓடிக்கிட்டு இருந்த சிடியும் போச்சு. ஏன்னா அவர் ரெண்டு பிரீசெட்டையும் திருப்பினார்.

அதாவது சீனியரோட எச்சரிக்கை "அளக்காமத் திருப்பாத"ங்கறது. சுருங்கி "திருப்பாத"ன்னு ஆகிடுச்சு. அறிவுரைகள் ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகும்போது காரணம் உதிர்ந்து போய் உத்தரவு மட்டும் மிஞ்சுது. காரணத்தைக் கேட்டு வாங்கினா, அதுலயே எப்படிச் செய்யணும்ங்கற வழியும் இருக்கு.

அதனால அவர்கிட்டயே மல்டிமீட்டரைக் கடன் வாங்கினேன். என் மாடல்ல எது டிவிடி பிரீசெட்னு முதல்ல உறுதி பண்ணிக்கிட்டேன், மாடலுக்கு மாடல் இடம் மாறும். பவர் இல்லாம, ரிப்பன் கேபிளைக் கழட்டிட்டு ரெண்டையும் அளந்து நோட்டுல எழுதினேன். தேதி போட்டு. லேசர் டையோடு ஸ்டாடிக்குக்குப் பயந்த சாமி; அதனால ஒவ்வொரு தடவையும் எர்த் தொட்டுட்டுத்தான் கை வெச்சேன். சிடி பிரீசெட் பக்கமே போகல. டிவிடி பிரீசெட்டைக் கடிகார முள் ரெண்டு நிமிஷம் நகர்ற அளவுக்குத் திருப்புவேன். அளப்பேன். எழுதுவேன். மாட்டுவேன். பத்து தடவை டெஸ்ட். மறுபடி கழட்டுவேன். ஒரு ரவுண்டுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணரை மணி நேரம்.

மூணாவது ரவுண்டுல ரெஸ்லிங் 10-க்கு 10. காட் ஆஃப் வார் 10-க்கு 3. நாலாவது ரவுண்டுல காட் ஆஃப் வார் 10-க்கு 6. மொத்தமாக் குறைச்சது தொடக்க அளவுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மி.

இன்னும் ரெண்டு ரவுண்டு திருப்பினா 10-க்கு 10 வந்திருக்கும்னு நினைக்கிறேன். நிறுத்திட்டேன். ரெண்டு அடுக்கு டிஸ்க்குக்காக லேசரோட ஆயுசைக் கொடுத்தா, நாளைக்கு ரெஸ்லிங் டிஸ்க்கும் ஓடாது. நான் ஆரம்பிச்சது தெருப் பசங்களைத் திரையில பார்க்கறதுக்கு. அதுக்கு வேணுங்கற அளவு வந்தாச்சு. சீனியர் சொன்னதுல உண்மையான பாதி இங்கதான் வேலை செஞ்சது: எங்க நிறுத்தணும்னு சொன்னது அவரோட பயம்தான்.

டிரைவுக்கு ஓய்வு

திருப்பின லேசருக்கு வேலையைக் குறைக்கணும். அதுக்குத்தான் அடுத்த மாற்றம். பெரிய மாடல் பிஎஸ்2-வோட பின்பக்கம் ஒரு ஹார்ட் டிஸ்க் அறை இருக்கு. நெட்வொர்க் அடாப்டர்னு ஒண்ணை மாட்டினா அதுல 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் உட்காரும். இது யாரோ ஹேக்கர் கண்டுபிடிச்சது இல்ல. 2002-ல சோனியே 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸோட பிஎஸ்2-க்கு லினக்ஸ் கிட் வித்தாங்க. 2003-ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழகத்து சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்துல சுமார் 70 பிஎஸ்2-க்களை இணைச்சு ஒரு கிளஸ்டரே கட்டினாங்க. "பொம்மை"ன்னு சொல்றவங்களுக்கு இந்தத் தகவல்.

பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி ரிச்சி தெருவுல தேடி, பழைய அடாப்டர் ஒண்ணும் சாட்டா மாத்தற போர்டும் வாங்கினேன். அண்ணனோட மெமரி கார்டைத் தொடல. இன்னொரு கார்டுல ஃப்ரீ எம்சி பூட், அதுல இருந்து ஓப்பன் பிஎஸ்2 லோடர். எங்ககிட்ட இருக்கற ஒரிஜினல் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல படிச்சு ஹார்ட் டிஸ்க்ல ஏத்தினேன். பென் டிரைவே போதுமேன்னு கேட்கறவங்களுக்கு: பிஎஸ்2-ல இருக்கறது யுஎஸ்பி 1.1. அதோட உச்சமே நொடிக்கு 1.5 எம்.பி. டிஸ்க் டிரைவ் 4 மடங்கு வேக டிவிடி, நொடிக்கு 5 எம்.பி.க்கு மேல. அதனால பென் டிரைவ்ல வீடியோ திக்கும்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம காப்புரிமைச் சட்டத்துல 2012-ல 65ஏ பிரிவு சேர்த்தாங்க. பாதுகாப்புப் பூட்டை உடைக்கறது, காப்புரிமையை மீறற நோக்கத்தோட இருந்தா குற்றம்ங்கறது அதோட சாரம். நோக்கம் அங்க முக்கியம். கடைக்கடையா நகல் டிஸ்க் விக்கறதுக்கு வழி சொல்ற கட்டுரை இது இல்ல. ரிப்பேர் பண்ற உரிமைக்காக 2022 டிசம்பர்ல மத்திய அரசு ஒரு இணையதளமே தொடங்கியிருக்கு. விவசாயக் கருவி, மொபைலும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டுச் சாதனங்கள், வண்டிகள்னு நாலு துறைக்கு. போய்ப் பாருங்க.

எமுலேட்டர் போதாதா மச்சி?

நண்பன் சொன்னதுலயும் உண்மை இருக்கு. எமுலேட்டர் அருமையான விஷயம். கன்சோல்கள் எல்லாம் செத்த பிறகும் கேம் உயிரோட இருக்கணும்னா அதுதான் வழி. 2000 மார்ச்ல ஜப்பான்ல வந்த பிஎஸ்2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல வித்தது; 2013-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டுக்காகவே வந்த கேம்கள் சில உண்டு: 2009-ல ஹைதராபாத்ல உருவான "ஹனுமான்: பாய் வாரியர்", கபடியும் கில்லியும் இருக்கற "தேசி அட்டா", 2011-ல "ரா.ஒன்", தயாரிப்பு நின்ன 2013-லயே வந்த "டான் 2". அண்ணன் பெட்டியில முதல் ரெண்டும் இருந்தது. இதையெல்லாம் காப்பாத்தப் போறது எமுலேட்டர்தான்.

ஆனா நான் கேட்ட கேள்வி வேற. "இந்த கேமை விளையாட என்ன வழி?"ன்னு கேட்டிருந்தா எமுலேட்டர்தான் பதில். நான் கேட்டது "இந்த மெஷினுக்கு என்ன ஆச்சு?"ன்னு. அதுக்கு லேப்டாப்ல பதில் கிடையாது.

ரெண்டு விலை

கடைசியா கடைக்காரரோட "வொர்த் இல்ல." இதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வெச்சது.

காரைக்குடி வந்தவங்க முனீஸ்வரன் கோவில் தெருவைப் பார்த்திருப்பீங்க. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த மரத்தூண், எனாமல் பாத்திரம், பழைய படம், கண்ணாடின்னு வரிசையா ஆண்டிக் கடைகள். எங்க ஊர்ல பழைய பொருளுக்கு ரெண்டு விலைதான் உண்டு. ஒண்ணு எடை விலை. இன்னொண்ணு ஆண்டிக் விலை. எடை விலைக்குப் போனா அது வெறும் இரும்பு, பித்தளை. ஆண்டிக் விலைக்குப் போனா அது காட்சிப் பொருள். ரெண்டுலயும் அந்தப் பொருள் தன்னோட வேலையைச் செய்யறது இல்ல. வேலை செய்யற பழைய பொருளுக்கு மார்க்கெட்ல பேரே கிடையாது. அது வீட்டுக்குள்ளதான் இருக்கும்: அப்பத்தாவோட ஆட்டுக்கல், ஐயாவோட சைக்கிள்.

கடைக்காரரோட கணக்கு நேர்மையானது. புது லென்ஸ், அவரோட ரெண்டு மணி நேரக் கூலி எல்லாம் சேர்த்தா, அந்த மெஷினை வித்தா கிடைக்கற காசுக்குப் பக்கத்துல வந்துடும். நாளைக்கு மறுபடி நின்னு போனா நான் அவர்கிட்டதான் போய்ச் சண்டை போடுவேன். அவருக்கு அது வொர்த் இல்ல. ஆனா அவர் சொன்னது அவரோட நேரத்துக்கான கணக்கு. மெஷினைப் பத்தின தீர்ப்பு மாதிரி என் காதுல விழுந்தது. லீவுல இருக்கற ஒரு மூணாவது வருஷ மாணவனோட நேரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. லென்ஸ் வேலைக்கு எனக்கு ஆன செலவு 300 ரூபாய்க்குள்ள. எட்டு நாள் சாயங்காலம். ஹார்ட் டிஸ்க் பக்கத்துக்கு அதைவிடப் பல மடங்கு ஆச்சு, அது என் சேமிப்பு, அதை வொர்த்னு யார்கிட்டயும் வாதாட மாட்டேன்.

அதனால இப்பல்லாம் யாராவது வேண்டாம்னு சொன்னா மூணு கேள்வி கேட்கறேன். இது பொருளைப் பத்தினதா, சொல்றவரோட நேரத்தைப் பத்தினதா? காரணம் என்ன? அந்தக் காரணத்தை உடைக்காம, எரிக்காம டெஸ்ட் பண்ண வழி இருக்கா? மூணாவது கேள்விக்கு "இருக்கு"ன்னு பதில் வந்தா, அறிவுரை எப்படி இருந்தாலும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். "இல்ல"ன்னு வந்தா சொல்றவர் பேச்சைக் கேட்கறது நல்லது. 230 வோல்ட் விஷயத்துல நான் யார்கிட்டயும் எதிர்த்துப் பேசினது இல்ல.

அண்ணன் வந்தார். ரெஸ்லிங் டிஸ்க்கைப் போட்டார். ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஓட்டலாம்னு சொன்னேன், கேட்கல. டிஸ்க் சுத்தற சத்தம் வேணுமாம். லோட் ஆச்சு. ரெஸ்லர் லிஸ்ட்டை மெதுவா நகர்த்திக்கிட்டே வந்தார். ஒவ்வொருத்தர் மேலயும் நின்னு, "இவன் இப்போ எங்கடா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சவங்களைச் சொன்னேன். தெரியாதவங்களுக்கு அவரே போன் போட்டார். மூணு பேர் கிடைச்சாங்க. ஷார்ஜாக்காரர் வீடியோ கால்ல தன்னோட பச்சை முடியைப் பார்த்துட்டு, "ஏண்ணே, இதை மாத்தச் சொல்லி அப்பவே கெஞ்சினேனே"ன்னார். அண்ணன் இப்பவும் மாத்தல.

இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறவங்க பரண்ல ஒரு தடவை ஏறிப் பாருங்க. டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர், ரேடியோ, எதுவா இருந்தாலும் சரி. பிஎஸ்2 கிடைச்சா சிவப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதீங்க. முதல்ல ஒரு நீல அடி டிஸ்க்கைப் போட்டுப் பாருங்க. அது ஓடினா எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க. மல்டிமீட்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு, சீனியர் திருப்பிக் கேட்கல.